கூட்டுச் சென்றி

வெடிச்சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

இவன் திரும்பவில்லை. சென்றியில், காவலுக்கு, நிற்கிறவன் முன்னால்தான் பார்க்க வேண்டும். முன்னால் கோட்டை. கோட்டைக்குள் ஆமி.

பக்கத்தில் வில்பிரட். மற்றப் போராளி இயக்கம்.

கோட்டையைச் சுற்றி, ஆமி வெளியே வராதபடி, இரண்டு இயக்கமும் சேர்ந்துதான் காவல். ஒவ்வொரு மண்மூட்டைச் சுவருக்குப் பின்னாலும் இவர்களில் ஒருவன், அவர்களில் ஒருவன். எட்டு மாதமாக ஒரே வாளித் தண்ணீர், ஒரே சொறி.

இன்று விடிந்ததிலிருந்து இரண்டு இயக்கமும் நகருக்குள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. இந்த இருவரையும் மாற்ற வேண்டுமென்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

கோட்டை மதிலில் ஓர் ஆமிக்காரன் உடுப்புக் காயப்போட்டான். அவனுக்கு இன்று லீவு.

பதினொரு மணியளவில் வில்பிரட்டின் வோக்கிடோக்கி அடங்கிப்போனது. எவ்வளவு கூப்பிட்டும் பதில் இல்லை.

பிறகு இவனுடையது பேசியது.

"உன்னோட நிக்கிறவனைப் பிடிச்சு வை. ஓடினால் போடு. இந்தா வாறம்."

வோக்கிக்குக் குசுகுசுக்கத் தெரியாது. இருவருக்கும் கேட்டது.

வில்பிரட் தன் துவக்கைச் சுவரில் சாத்தினான்.

"பிடியன் மச்சான். உனக்குப் பதவி உயர்வு."

இவன் சிரிக்கப் பார்த்தான். வாய் ஒத்துழைக்கவில்லை.

ஊர் முழுக்க இப்போது இவனுடைய ஆட்கள். திறந்து கிடந்தது இடப்பக்கக் கடல் மட்டும். இடையில் ஆளை மறைக்கும் புதர், நூறு மீற்றர்.

புதருக்குள் கண்ணிவெடி.

கடல் பக்கம் இவர்கள் புதைத்தது. மற்றப் பக்கம் அவர்கள். எது எங்கே என்று இவர்கள் அவர்களுக்குச் சொன்னதில்லை, அவர்களும் இவர்களுக்குச் சொன்னதில்லை. நட்பு அந்த மட்டில்தான் இருந்தது.

கடல் பக்கம் புதைத்தவன் இவனேதான்.

குந்தியிருந்து மண்ணில் விரலால் புள்ளி வைத்துக் காட்டினான். ஆறு புள்ளி மளமளவென்று வந்தது. ஏழாவதில் விரல் நின்றது. பனை வடலிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? மாரி மழைக்கு முன் புதைத்தது. இப்படியொரு பரீட்சை வருமென்று யார் கண்டது.

வீதி முனையில் வாகனம் உறுமியது.

இவன் எழுந்து புள்ளிகளைக் காலால் அழித்தான். மண்மூட்டையைத் தாண்டிப் புதருக்குள் இறங்கினான்.

"என்ர அடியிலேயே அடி வைச்சு வா. கொஞ்சம் தள்ளி வா."

வில்பிரட் இறங்கினான்.

தள்ளி வரவில்லை. இவனுடைய இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டான்.