மாதிரிப் படம்

“அக்கா, ‘காணவில்லை’ பக்கத்துல இருக்கிறது எங்க அப்பா.”

போனில் ஒரு இளம்பெண்ணின் குரல். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தப் பக்கத்தில் இருப்பவர் என் கணவர்.

சின்னச் சின்ன அமைப்புகளுக்கு வீட்டிலிருந்தே இணையதளம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. இப்போது கையில் இருப்பது, காணாமல் போனவர்களைத் தேடித் தரும் ஒரு சங்கத்தின் வேலை. சங்கத் தலைவி ‘எப்போது முடியும்’ என்று உயிரை எடுப்பாரே தவிர, கேட்ட படங்களில் ஒன்றைக்கூடத் தரவில்லை. காலி இடத்தை எதையாவது போட்டு நிரப்ப வேண்டுமே. வீட்டுக்காரர் படத்தைப் போட்டேன். வாய்க்கு வந்த ஒரு பெயர். தொடர்புக்கு என் நம்பர்.

அவர் கேமராவைக் கண்டால் காத தூரம் ஓடுகிறவர். கல்யாணப் படத்தில்கூடத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். என்னிடம் இருந்தது, அவர் வெங்காயம் நறுக்கும்போது தெரியாமல் எடுத்த ஒன்றுதான். வெங்காயம், கத்தி, பலகை எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிட்டு முகத்தை மட்டும் வைத்தேன். பல்லிடுக்கில் ஒரு தீக்குச்சி. அதைக் கடித்துக்கொண்டால் கண்ணில் நீர் வராதாம். அதை மட்டும் வெட்ட முடியவில்லை.

அவரைச் சீண்டுவதற்காக லிங்க்கை அவருக்கு அனுப்பினேன். ‘உங்களைக் காணோமாம், கண்டுபிடித்தால் சொல்லுங்கள்’ என்றேன். அவர் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இதை யாரெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டார். தளம் இன்னும் திறக்கவில்லை, லிங்க் இருப்பவர்கள் மட்டும்தான் என்றேன்.

படத்தை எடுத்துவிடு என்று அவர் சொல்லவில்லை. எனக்காகப் பொறுத்துக்கொள்கிறார் என்று நினைத்து உச்சி குளிர்ந்து போனேன்.

போனில் இருந்த பெண்ணிடம் பக்குவமாகவே சொன்னேன். அது சும்மா வைத்த படம், ஒரே சாயலில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று. பாவம், என்ன நம்பிக்கையோடு கூப்பிட்டாளோ. என் கணவருக்கு உறவென்று யாரும் கிடையாது. விடுதியில் வளர்ந்தவர். அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அவள் அழவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

“வெங்காயம் நறுக்கும்போது எடுத்ததா அக்கா? அப்பதான் அப்பா வாயில தீக்குச்சி வெச்சுக்குவாரு.”

திரையைப் பார்த்தேன். முகம் மட்டும்தான் இருந்தது. வெங்காயத்தின் தோல்கூட அதில் இல்லை.

சமையலறையில் அவர் நறுக்கிக்கொண்டிருந்தார். டக், டக், டக்.

எனக்கு முன்னால் ஒருத்தி. எனக்குத் தெரியாமல் ஒரு மகள். எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அந்தப் பெண் பேசிக்கொண்டே போனாள். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லையாம். சண்டை போட வரவில்லையாம். அப்பா உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தால் போதுமாம்.

கடைசியாக ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். திறக்காத தளம் இவள் கண்ணில் எப்படிப் பட்டது? யாரோ விளையாடுகிறார்கள். குரலைக் கடுமையாக்கிக்கொண்டு அதைக் கேட்டேன்.

தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையின் நம்பருக்கு நேற்று யாரோ அனுப்பினார்கள் என்றாள். பெயர் இல்லை. ஒரு வார்த்தை இல்லை. வெறும் லிங்க்.

அதைச் சங்கத் தலைவிக்குக்கூட நான் இன்னும் அனுப்பவில்லை. ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பியிருந்தேன்.

கத்திச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கன்னமெல்லாம் கண்ணீர்.

வாயில் தீக்குச்சி இருந்தது.