தம்பி கொல்லை மண்

நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி, வேரை உதறி, சுரங்க அதிகாரியின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

வேர் முழுக்க, செடிக்குச் சத்து சேர்க்கும் முடிச்சுகள். கடுகளவில், இளஞ்சிவப்பாக.

சுரங்கத்தின் அடியிலிருந்து அள்ளிக் கொட்டிய மண். அதனோடு அனல்மின் நிலையச் சாம்பல், சர்க்கரை ஆலைக் கழிவு. இந்தப் பாத்தியில் வேறெதுவும் இல்லை. அதில் மல்லாட்டை காய்த்திருக்கிறது.

இரண்டு வருடம் புல்கூட முளைக்காமல், சுரங்கத்தின் மண் ஆய்வாளனான அவன் மானத்தை வாங்கிய பாத்தி.

அதிகாரி வடக்கிலிருந்து வந்தவர். தமிழ் தெரியாது. படிக்கப் போன ஊரில் பழகிய இந்தியில் அவன் விளக்கிக்கொண்டிருந்தான். நன்றாகவே விளக்கினான்.

அவர் கேட்க வந்தது ஒன்றைத்தான். இந்தக் கலவையிலேயே பயிர் வருமென்றால், அடுத்து வெட்டப்போகும் ஊரில் மேல்மண்ணைத் தனியே எடுத்துக் காப்பாற்றி வைப்பானேன்? எல்லாவற்றையும் ஒன்றாக வாரித் தள்ளிவிடலாமே.

பதில் சொல்ல வாயெடுத்தான்.

அதற்குள் பூங்காவனம் பக்கத்தில் வந்து நின்றாள். பாத்திகளுக்குத் தண்ணீர் விடுகிறவள். அவள் நிலம் முதல் வெட்டிலேயே சுரங்கத்துக்குள் போய்விட்டது. அவள் தம்பியின் நிலம் அடுத்த வெட்டில் இருக்கிறது. வெட்டி முடித்து நிரப்பியதும் திருப்பித் தருவதாகப் பேச்சு.

"எங்க தம்பி கொல்ல மண்ணுங்க சார். புது நெலத்துல மல்லாட்ட போட்டா, வெளஞ்ச கொல்ல மண்ணு ரெண்டு கூடையாவது கலக்கணும். நீங்க வாடிப் போயி ஒக்காந்திருந்தீங்களா, மனசு கேக்கல. வெதைக்கறப்பவே கலந்துட்டேன். அந்த மண்ண மட்டும் பத்திரமா எடுத்து வைக்கச் சொல்லுங்க. அது இல்லாம திருப்பிக் குடுத்தா எங்களுக்கு என்னாத்துக்கு?"

அவளைப் பார்க்க முடியவில்லை. கையிலிருந்த வேரைப் பார்த்தான்.

அடியாழத்து மண்ணில் இந்த முடிச்சு தானாக வராது. அதற்கான கிருமி அங்கே கிடையாது. கல்லூரியில் முதல் வருடம் படித்தது. போன வாரம் பார்த்தபோதே எங்கிருந்து வந்தது என்று தோண்டியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் விட்டுவிட்டான்.

சந்தோஷம் என்ன சந்தோஷம். பயம். கேட்டால் போய்விடுமோ என்ற பயம்.

அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று அதிகாரி விசாரித்தார்.

இந்தப் பாத்தியைத் தன் சொந்த நிலம் மாதிரி பார்த்துக்கொள்கிறாராம் என்று இந்தியில் சொன்னான்.

தடுமாறாமல் வந்தது. பெயர்ச்சொல், வினைச்சொல் எல்லாம் அதனதன் இடத்தில்.

அதிகாரிக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. பூங்காவனத்தைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் பதறிப்போய் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

ஜீப்புக்கு நடக்கும்போதே அவர் முடிவு செய்துவிட்டார். கலவை போதும். மேல்மண்ணுக்கென்று தனி வண்டி, தனி இடம், ஒன்றும் வேண்டாம். அவன் தோளைத் தட்டினார்.

நன்றி என்றான்.

இப்போதுகூடச் சொல்லலாம். கதவு இன்னும் சாத்தவில்லை.

சாத்தினார்கள்.

புழுதி அடங்கும்வரை அங்கேயே நின்றான். திரும்பினால் அவள் இருப்பாள். அவள் நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது.

"சொல்லிட்டீங்களா சார்?"

"ம்."

"மண்ண எடுத்து வைக்கணுமின்னு?"

"சொல்லிட்டேன்."

"அதான் கும்புட்டாரு. எவ்ளோ பெரிய மனுஷன்."

இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்தாள். தம்பியைக் கூப்பிட்டாள். அவனும் ஊர்க்காரர்களும் நாளைக்கு நிலத்தை வெட்ட வரும் வண்டியை மறிப்பதாக இருந்தார்களாம். மறிக்க வேண்டாம், எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல் என்றாள். அந்தப் பக்கம் அவன் நம்பவில்லை போலிருக்கிறது. என் கண்ணெதிரேதான் நம்ம சார் பேசினார் என்று அடித்துச் சொன்னாள்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு ஃபோனை அவனிடம் நீட்டினாள்.

"தம்பி உங்ககிட்ட ஒரு வார்த்த பேசணுமாம்."

வாங்கிக் காதில் வைத்தான்.