மூன்றாவது மாடி

ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தார். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அங்கே நோயாளிகளுக்காக ஜெபிக்க வரும் போதகரை வரச் சொல்லியிருந்தார்.

"ஐயா, பத்து வருஷமா நெஞ்சுல முள்ளா குத்துது. அந்த ஹாஸ்டல் தீப்பிடிச்சப்போ மூணாவது மாடியைப் பாக்கச் சொன்னாங்க. பயத்துல பாதிப் படியிலேயே திரும்பிட்டேன். மேல யாரும் இல்லைன்னு சொல்லிட்டேன். கடைசி ரூம்ல ஒரு பொண்ணு உயிரோட இருந்திருக்கு. எனக்கு மெடல் வேற குடுத்தாங்க."

போதகர் கையிலிருந்த பைபிளை மூடினார்.

"அந்தப் பொண்ணோட அப்பா என்னை மன்னிப்பாராய்யா?"

"மன்னிச்சிட்டார்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

முதியவர் அவர் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடினார். மாலைக்குள் மூச்சு அடங்கிவிட்டது.

போதகர் வீடு திரும்பியதும் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நிம்மதியா போனாராங்க?"

"ரொம்ப நிம்மதியா."

"பாவம். தீயணைக்கிறவங்களைப் பாத்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோணுது. அன்னைக்கு ஹாஸ்டல்ல நம்ம பொண்ணைத் தேடி ஒருத்தர் மூணாவது மாடி வரைக்கும் ஏறினாராமே! நமக்குக் கொடுத்துவைக்கல, அவர் என்ன பண்ணுவார்? தினமும் அவருக்காகத்தான் முதல்ல ஜெபம் பண்றேன். நீங்களும் பண்ணுங்க."

போதகர் தண்ணீரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"என் பங்கையும் சேர்த்து நீயே பண்ணிடும்மா" என்றார். "என்னால முடியல."