வயிற்றின் சுபாவம்

ஆவுடையப்பனின் இரைப்பையைச் சுருக்கிய மருத்துவமனை அதற்குப் பேசும் கருவி ஒன்றும் வைத்து அனுப்பியிருந்தது. அளவு மிஞ்சினால் "போதும்" என்று உரக்கச் சொல்லிவிடும். ஆனால் அவர் வீட்டில் இருந்து இருந்து, அதுவும் "இன்னொண்ணு வைங்க" என்று சொல்லப் பழகிவிட்டது. இறங்கிய எடையெல்லாம் திரும்ப ஏறியது.

"வீட்டுப் பேச்சைக் கேட்டே கெட்டுப்போச்சு சார்," என்ற டாக்டர், வயிறு கற்றதையெல்லாம் துடைத்து அனுப்பினார்.

மறுநாள் காலை மூன்றாவது இட்லிக்கு, "போதும்" என்று கறாராகச் சொன்னது வயிறு. ஆவுடையப்பன் நிம்மதியாகக் கை கழுவ எழுந்தார்.

இட்லித் தட்டோடு நின்ற மனைவி செண்பகத்தின் முகம் வாடியது. வயிற்றைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏன், சட்னி நல்லா இல்லையா?"

வயிற்றின் கறார் குரல் குழைந்தது.

"சேச்சே, அதெல்லாம் இல்ல மதினி. ரெண்டா வைங்க."