தலை தீபாவளி ஸ்காட்ச்

“வேட்டி சட்டை சுமாரா இருந்தாக்கூடப் பரவால்ல சம்பந்தி. பாட்டில் மட்டும் நல்ல ஸ்காட்சா இருக்கணும். கண்டதை வாங்கி வெச்சீங்கன்னா என் புள்ள தொடவே மாட்டான். அப்புறம் தலை தீபாவளி அன்னைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்.”

அனந்தபுரத்திலிருந்து சம்பந்தி வள்ளியம்மாள் போனில் சொல்லச் சொல்ல, ரஞ்சனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தமிழினி அவளுக்கு ஒரே பெண். மாப்பிள்ளை இளவழகன் குடிப்பார் என்று அரசல்புரசலாகக் காதில் விழுந்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். இப்போது பெற்ற தாயே ஆர்டர் கொடுக்கிறாள்!

“ஸ்காட்ச்னா யானை விலையாச்சே சம்பந்தி?”

“அதுக்குத்தான் சொல்றேன், கேட்டுக்கங்க. அங்கியே பாட்டில்ல அடைச்சு வந்தாத்தான் அந்த வெல. அங்க காய்ச்சி, இங்க கொண்டாந்து பாட்டில்ல ஊத்துனதும் இருக்குது. சரக்கு ஸ்காட்ச்தான், வெல பாதி. லேபிள்ல பொடி எழுத்துல போட்டிருக்கும். நீங்கதான் கான்வென்ட்ல படிச்சவங்களாச்சே, படிச்சுப் பாத்து வாங்குங்க.”

ரஞ்சனி போனை வைத்தாள். வெள்ளிக்கிழமை விரதம், அமாவாசை தவறாமல் மேல்மலையனூர், நெற்றி நிறையத் திருநீறு. அந்த அம்மாளுக்கே இவ்வளவு தெரிந்திருக்கிறது என்றால், பிள்ளை எப்பேர்ப்பட்ட மொடாக்குடியனாக இருக்க வேண்டும்!

“ஏங்க, நீங்க போய் வாங்கிட்டு வாங்க.”

“நானா?” கணவன் பார்த்திபன் மணிக்கட்டை நீட்டினான். குடியை விட்டபோது கோயிலில் கட்டிய கயிறு. “கயிறு கட்டின கை பாட்டிலைத் தொடக் கூடாதுடி. சாமி குத்தமாயிடும்.”

“நல்ல சாமி. என் பாதி ஆயுசு போனப்புறம் கண்ணைத் தொறந்துச்சு.”

அவளே கிளம்பினாள். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் விசாரித்தாள்.

“ஸ்காட்சா? தீபாவளி நேரத்துல இங்க குவாட்டருக்கே அடிதடியா இருக்குதும்மா. திண்டிவனத்துல ஏசி கடை இருக்குது, அங்க போங்க.”

திண்டிவனத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

“இன்னாப்பா வேடிக்கை? பொம்பள காசு கொடுத்தா கடையில வாங்க மாட்டாங்களா?”

வழி தானாகக் கிடைத்தது. கடைக்காரர் இருப்பதிலேயே விலை கூடின பாட்டிலை முன்னால் வைத்தார்.

“இது வேணாம். அந்த ரெண்டாவதைத் திருப்புங்க.” மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பொடி எழுத்தை வரி விடாமல் படித்தாள். “ம். பாட்டில்ட் இன் இந்தியா. இதான். பில் போடுங்க.”

“அக்காவுக்கு நல்ல அனுபவம்டோய்!” பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஆமா தம்பி, உன் வயசு அனுபவம்.”

கேட்ட விலையில் பாதிக்கு அசல் ஸ்காட்ச். ஜவுளிக்கடைப் பைக்குள் பாட்டிலை வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தபோது ரஞ்சனிக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தீபாவளி அன்று கறிச்சோறு முடிந்ததும், மாடி அறைக்கு பாட்டிலும் கிளாஸும் வறுவலுமாகத் தட்டை எடுத்துப்போனாள். மாப்பிள்ளை தனியாக இருந்தார்.

“உங்கம்மா சொன்ன சரக்குதான் மாப்ள. முதலும் கடைசியுமா வாங்கியிருக்கேன். குடிங்க. ஆனா ஒண்ணு, குடிச்சுட்டு என் பொண்ணு மேல கைய வெச்சீங்க, சீர் கொடுத்த இதே கையால...”

“ஐயோ அத்தை, மூடியத் தொறந்துடாதீங்க!”

மூடியில் வைத்த கையை எடுக்காமல் அவள் முறைத்தாள்.

“எனக்கு அந்த வாசனையே ஆவாது அத்தை. இது... அம்மாவுக்கு.”

“உங்கம்மாவுக்கா!”

இளவழகன் தலையைக் குனிந்துகொண்டார். “நைனா மிலிட்டரி. லீவுல வர்றப்பல்லாம் ஸ்காட்ச் கொண்டாருவாரு. ராத்திரியில அம்மாவுக்கும் ஒரு மூடி ஊத்திக் குடுத்துப் பேசிக்கிட்டு உக்காந்திருப்பாரு. அவர் போனதுலேருந்து அந்த ஒரு மூடி இல்லாம அதுக்குத் தூக்கம் வர்றதில்ல. நான்தான் வாங்கியாறேன். யார் கண்ணுலயோ பட்டு, ஊர்ல எனக்குக் குடிகாரன்னு பேராயிடுச்சு. அம்மா பேரு கெடுறதுக்கு என் பேரு கெட்டா கெடட்டும்னு விட்டுட்டேன்.”

“தமிழினிக்குத் தெரியுமா?”

“தெரியும் அத்தை. யார்கிட்டயும் சொல்லல.”

‘என் வயிற்றில் பிறந்தவளா!’ என்று ரஞ்சனிக்கே ஆச்சரியமாகப் போயிற்று.

அப்போது பார்த்து அவள் போன் அடித்தது. வள்ளியம்மாள்தான்.

“இன்னா சம்பந்தி, பாட்டில் வாங்கிட்டீங்களா? என் புள்ள இன்னா சொல்றான்?”

ரஞ்சனியின் நாக்கு நுனியில் வந்து நின்றது ஒன்றா, இரண்டா? விரதம், திருநீறு, மேல்மலையனூர் என்று வரிசையாக நின்றன. எதிரே மாப்பிள்ளை மூச்சு விடாமல் நின்றார்.

ரஞ்சனி எல்லாவற்றையும் விழுங்கினாள்.

“ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொல்றாரு சம்பந்தி. ஆனா மாமியார் வீட்டுல குடிக்கக் கூச்சமாம், முழுசா அங்கதான் எடுத்துக்கிட்டு வர்றாரு. பொங்கல் சீருக்கும் இதையே வாங்கி வெச்சுடறேன்... உங்க புள்ளைக்கு இல்லாததா!”