வயிற்று வார்

“குதிரைய இட்டுகினு வா சார், அப்பறம் பேசலாம்” என்று சொல்லிவிட்டு, புஷ்பலதா அடுப்பில் கொதித்த மீன் குழம்பைக் கிளறப் போனாள்.

மதியழகன் அவள் வீட்டு வாசற்படியை விட்டு நகரவில்லை. மடியில் சேணம். மாடம்பாக்கத்திலிருந்து நாகல்கேணி வரை அதை டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு வந்ததில் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

ஆபீசில் குமாஸ்தா வேலை பார்க்கிற மனுஷன். ஆறு மாதமாகத் தோல் வேலை என்று ஒரு பைத்தியம் பிடித்து ஆட்டுகிறது. புஷ்பலதா வேலை செய்யும் சேணக் கம்பெனி வாசலில் கழித்துப்போட்ட துண்டுகளை அள்ளிக்கொண்டு போவார். தோலை நனைத்து, அச்சு வைத்துத் தட்டிப் பூவும் கொடியுமாக எழுப்புவார். முதலில் சாவிக்கொத்து, அப்புறம் பர்ஸ், பெல்ட். கம்பெனியில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பொழுதுபோகாத சார்’. இப்போது முழுச் சேணமே செய்துகொண்டு வந்துவிட்டார், அதுவும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில்.

“நாளைக்குக் காலையில எட்டரைக்கு என் பொண்ணு வினிதா இதுல உக்காந்தாகணும்மா. நேத்து ஏத்திப் பாக்கும்போது வயித்து வார் பிஞ்சு விழுந்துட்டா. நெத்தியில மூணு தையல்.”

“தையல் போட்டுகினு நாளைக்கே ஏறணுமா? இன்னா அவசரம்?”

“ஸ்கூல் தொறந்து பத்து நாள் ஆச்சு, இவ போகலை. நாளைக்கும் வரலைன்னா டி.சி.யை வாங்கிக்குங்கன்னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க. இவ, இது இல்லாம போகமாட்டேங்குறா.”

புஷ்பலதா கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். “என் பொண்ணு ரெண்டு பஸ் மாறி, படியில தொங்கிகினு இஸ்கூலுக்குப் போவுது. உன் பொண்ணுக்குக் குதிரை கேக்குதா? நல்லா கீது சார் நீ வளத்த லட்சணம்.”

மதியழகன் சேணத்தை அவள் பக்கம் தள்ளினார். ரோஷப்பட அவருக்கு நேரம் இல்லை.

அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள். மேலே ஓடிய மல்லிக்கொடியைப் பார்த்து ஒரு கணம் முகம் மலர்ந்தது. தையலைப் பார்த்ததும் பழையபடி சுருங்கியது.

“பூவு போடத் தெரிஞ்ச உனக்குத் தைக்கத் தெரில சார். ஒத்த ஊசியில தச்சிகீற. ஒரு எடத்துல நூல் அறுந்தா மொத்தமும் புட்டுகினு வந்துடும்.”

“அதான் உங்க கிட்ட வந்தேன்.”

திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்தாள். பழைய வாரை அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாக வெட்டினாள். குத்தூசியால் துளைத்து, மெழுகு தடவிய நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, இரண்டு பக்கமிருந்தும் இழுத்து இழுத்துத் தைத்தாள். குழம்பு அடிப்பிடித்தது. மதியழகனின் செல்போன் அடித்தது.

“ஆயிடுச்சும்மா, இதோ ஆயிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துடுவேன். நீ அழாதே” என்றார் போனில் மகளிடம்.

மூன்றரை மணிக்குத் தையல் முடிந்தது.

“வயித்துச் சுத்தளவு இன்னா?”

“முப்பத்தாறு இன்ச்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “கழுதைக்கே அதுக்கு மேல வரும் சார். குதிரைன்னா எழுவதுக்குக் கொறையாது.”

“நோஞ்சான்மா. அளவு சரிதான், நாலு தடவை எடுத்துட்டேன்.”

“அப்ப நான் ஓட்டை போடமாட்டேன். மேல கட்டி, அது மூச்சை இழுத்து வுடறதப் பாத்துட்டுதான் பக்கிளுக்கு ஓட்டை போடணும். கடுதாசியில எழுதின அளவை நம்பிப் போட்டா லூசாப் பூடும். நேத்து வுழுந்த மாதிரி நாளைக்கும் வுழும். எங்க கட்டி வச்சிகீற சொல்லு, ஆட்டோ புடிச்சி நானே வரேன்.”

“அதை மட்டும் கேக்காதீங்கம்மா. ஓட்டையைப் போட்டுக் குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

புஷ்பலதா குரலைத் தாழ்த்தினாள். “திருட்டுக் குதிரையா சார்?”

“ஐயோ, இல்லம்மா. நாளைக்கு விட்டா என் பொண்ணு படிப்பே போச்சு. ஒம்பதாவதுல முதல் ரேங்க் எடுத்தவ. கேக்கறவங்க எல்லாரும், போதும் நிறுத்துங்கன்னுதான் சொல்றாங்க. நீங்களும் அதைச் சொல்லிடாதீங்க.”

அவர் கெஞ்சியது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. ஆனாலும் அவள் தொழில் வேறு, இரக்கம் வேறு என்று இருக்கிறவள். துளை போடும் உளியை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நான் தச்ச வார்ல இருந்து ஒரு பொண்ணு கீழ வுழக் கூடாது சார். குதிரையக் காட்டு. இல்ல, எடுத்துகினு கெளம்பு.”

மதியழகன் தெருவைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். வேறு வழி இல்லை. எழுந்து சட்டையைக் கழற்றிப் படியில் போட்டார். பனியனோடு அவளுக்கு முதுகைக் காட்டி, முழங்கால்களில் கையூன்றிக் குனிந்து நின்றார்.

“இங்க கட்டிப் பாருங்கம்மா. அவளுக்கு நடக்க வராது, பத்தாவது கிளாஸ் இருக்கற ரெண்டாவது மாடிக்கு நான்தான் குதிரை.”