மொட்டைக் கடுதாசி பத்ரி

பத்ரிநாராயணனைக் கொன்றது யார் என்று மேற்குத் தாம்பரத்தில் ஒருவரும் கேட்கவில்லை. இவ்வளவு நாள் எப்படி விட்டுவைத்தார்கள் என்றுதான் கேட்டார்கள்.

மனிதர் அப்படி. கோலம் கோணலென்று பெண்களைத் திட்டுவார். மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து எதையாவது எழுதிக்கொண்டிருப்பார். தெருவில் யாருக்கு மெமோ வந்தாலும், யார் வீட்டுக் கல்யாணம் நின்றாலும், மொட்டைக் கடுதாசி போட்டது அவர்தான். சாட்சிக்கு அந்த ஜன்னல் போதாதா?

செல்வமேரி டீச்சருக்குத் திடீரென்று கோவளத்துக்கு மாற்றல் வந்தது. யாரோ பெயரில்லாமல் அனுப்பிய புகாராம். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அம்மாவை விட்டு எப்படிப் போவாள்? நேரே பத்ரி வீட்டு வாசலில் நின்று, "உம்ம தலை சிதற" என்று தெருவே கேட்கச் சபித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் பத்ரி தம் வீட்டுக் கொல்லையில் மண்டை பிளந்து கிடந்தார்.

டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து வீட்டுக் கேசவனும் அவர் மனைவி சாவித்ரியும் காப்பியோடு வந்து தேற்றினார்கள். ஊருக்கே புண்ணியம் பண்ணினீர்கள், போலீஸ் கேட்டால் நீங்கள் ஜெபக்கூட்டத்தில் இருந்ததாகச் சொல்கிறோம் என்றார்கள்.

"நான் ஒண்ணும் பண்ணலைக்கா" என்று அவள் அழுததை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே தள்ளிவிட்டால் அம்மாவுக்குக் கஞ்சி யார் ஊட்டுவார் என்று நினைத்தபடியே போனாள்.

இன்ஸ்பெக்டர் ஜெபசீலன் உட்காரச் சொன்னார்.

"பயப்படாதீங்க டீச்சர். கொலையே இல்ல. தேங்காய் விழுந்திருக்கு. டாக்டர் எழுதிக் கொடுத்துட்டார்."

"அப்புறம் என்னை எதுக்கு சார்?"

அவர் ஒரு கட்டுக் கடிதங்களை மேசைமேல் போட்டார். பதினாறு. அவள்தான் கொலைகாரி என்று பதினாறும் சத்தியம் செய்தன. ஒன்றிலும் பெயரில்லை.

"எழுதுறவர்தான் செத்துட்டாரே சார்?"

"அதான் நானும் பார்த்தேன். பத்து வருஷமா இங்க வந்த மொட்டைக் கடுதாசியெல்லாம் இதே கையெழுத்துங்கதான். அவருடையது ஒண்ணுகூட இல்ல." மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு உறையை எடுத்தார். "அவர் எழுதினது இது. ஜன்னல்கிட்ட இருந்துச்சு. நீங்களே தபால்ல போட்டுடுங்க."

கல்வி அதிகாரிக்கு. நோயாளித் தாயைத் தனியாகக் காப்பாற்றும் இந்த ஆசிரியையின் மாற்றலைத் தயவுசெய்து ரத்து செய்ய வேண்டும் என்றிருந்தது.

அவள் சபித்த அன்றைக்கே எழுதியிருக்கிறார். அடியில் முழுப் பெயரும் கதவு எண்ணும் போட்டு.